எண்ணாயிரத்தில் எம்பெருமானார் அமுது செய்த இல்லம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஸாற்றுமுறை நிறைவேறி, தீர்த்தமும் ஸ்ரீசடாரியும் பெற்றபின், கோஷ்டியார் மண்டபத்தில் அமர்ந்து பிரஸாதம் ஸ்வீகரிக்கும் அந்தச் சிறு பொழுதை நம்மில் பலர் வழிபாட்டுக்குப் பிற்பட்ட ஒன்றாகவே எண்ணிவிடுகிறோம். புளியோதரையும் ததியோதனமும் தொன்னையில் வந்து சேரும். அருகில் இருப்பவரிடம் க்ஷேமம் விசாரிப்போம். அடுத்த மாதத் திருநக்ஷத்திரத்திற்குத் தளிகை உபயம் யாருடையது என்று பேசிக்கொள்வோம். பின்னர் கலைந்து போவோம். கடல் கடந்து வாழும் அடியார்கள் வாடகைக் கூடங்களில் கூடி ஸேவாகாலம் நடத்தும்போதும் நிறைவு இவ்வாறே அமைகின்றது. ஆயினும் நம் பூர்வாசார்யர்கள் இதனைத் ததியாராதனம் என்று வழங்கினர். எம்பெருமானுடைய ஆராதனத்தினும் அவன் அடியாரது ஆராதனம் மேலானது என்பது அவர்கள் கொண்ட கொள்கை. அவ்வாராதனம் எவ்விடத்தில் நிறைவுறும், எவ்விடத்தில் தவறும் என்பதை எம்பெருமானார் திருச்சரிதையைக் கொண்டு சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விழுப்புரத்திலும் பின்னர் திண்டிவனத்திலும் வங்கிப் பணியில் இருந்த ஆண்டுகளில், அவ்விரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலையில் நாம் எண்ணற்ற முறை பயணம் செய்திருக்கிறோம். இடையில் விக்கிரவாண்டி வரும். அதனையடுத்து, நெடுஞ்சாலையை விட்டு உள்ளடங்கி, எண்ணாயிரம் என்னும் சிற்றூர் உள்ளது. அழகிய நரசிம்மப் பெருமாள் கோயில் கொண்டுள்ள அவ்வூரின் பெருமையைப் பணிக்காலத்தில் நாம் அறிந்திலோம். ஓய்வு பெற்றபின் ஒருநாள் சென்று ஸேவித்தபோதுதான், இத்தனை ஆண்டுகள் எதனைக் கடந்து போய்க்கொண்டிருந்தோம் என்பது விளங்கிற்று.

இராசராச சதுர்வேதிமங்கலம் என்று கல்வெட்டுகள் குறிக்கும் அவ்வூரில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துச் சாசனம் ஒன்று உள்ளது. வேதமும் வியாகரணமும் மீமாம்ஸையும் வேதாந்தமும் பயின்ற 340 மாணாக்கர்களுக்கு நாள்தோறும் அளிக்கவேண்டிய நெல் இத்துணை என்று அதில் விதிக்கப்பட்டிருத்தலை வரலாற்று நூலோர் பலரும் எடுத்துக் காட்டுவர். நமக்கு அதனினும் இனிமையானவை அதன் வேறு சில விதிகள். திருவாய்மொழி விண்ணப்பம் செய்வார்க்கு நெல் உண்டு. மடத்தில் அமுது செய்யும் ஸ்ரீவைஷ்ணவர் 25 பேருக்கு நிவந்தம் உண்டு. ஆனி மாதத் திருவிழாவைக் காண வரும் வைஷ்ணவரும் தாஸருமாகிய 1000 பேருக்கு உணவளிக்கவும் ஏற்பாடு உண்டு. ஓதுவார்க்குரிய நெல்லையும், ஓதுதலைக் கேட்க வருவார்க்குரிய உணவையும் ஊர்ச்சபையார் ஒரே சாசனத்தில் சேர்த்தே பதிவு செய்தனர். இராசேந்திரனது ஆட்சி 1044 வரை நிகழ்ந்தது. நம் எம்பெருமானார் அவதரித்தது 1017. அவர் சிறு பிராயத்தினராகவோ இளைஞராகவோ இருந்த நாளிலேயே இவ்வூரில் ததியாராதனம் கல்லில் பொறிக்கப்பட்டுவிட்டது.

அஷ்டஸஹஸ்ரம் என்று குருபரம்பரை வரலாறு கூறும் ஊர் இந்த எண்ணாயிரமே என்று கொள்ளும் மரபு உண்டு. அங்கு எம்பெருமானார் எழுந்தருளிய வரலாற்றைக் கூறுமுன், அவர் அங்கு என்ன மனத்தோடு வந்தார் என்பதை அறிதல் வேண்டும். அம்மனம் காஞ்சியில் உருவாயிற்று.

ஸ்ரீபெரும்பூதூரில் கேசவ ஸோமயாஜியாருக்கும் காந்திமதி அம்மையாருக்கும் சித்திரைத் திருவாதிரையில் திருக்குமாரராய் அவதரித்த இளையாழ்வார், தஞ்சமாம்பாளை மணந்து காஞ்சியில் வாழ்ந்து வந்தார். பேரருளாளனுக்குத் திருவாலவட்டக் கைங்கர்யம் செய்துவந்த திருக்கச்சி நம்பிகளிடம் அவருக்கு அளவிறந்த ஈடுபாடு. நம்பிகள் அந்தணர் குலத்தவர் அல்லர். ஆயினும் அவர் அமுது செய்த சேஷத்தைத் தாம் ஸ்வீகரிக்கவேண்டும் என்று இளையாழ்வார் ஆசைப்பட்டுத் தம் இல்லத்திற்கு எழுந்தருளப் பிரார்த்தித்தார். தளிகை ஆனதும் நம்பிகளை அழைத்துவர ஒரு தெருவழியே சென்றார். நம்பிகளோ, அவர் கருத்தை உணர்ந்து, வேறு தெருவழியே வந்து, விரைவில் அமுது செய்து சென்றுவிட்டார். திரும்பி வந்த இளையாழ்வார் கண்டது, எஞ்சிய தளிகை அகற்றப்பட்டு, இடம் மெழுகப்பட்டு, மனையாள் மீண்டும் நீராடிப் புதிதாகச் சமைத்துக்கொண்டிருந்த காட்சி. விருந்து நடந்தேறியது. விருந்தினர் வயிறார உண்டும் சென்றார். அவர் அடியார் என்ற எண்ணம் மட்டும் அவ்வில்லத்தில் இல்லாது போயிற்று.

பிறிதொரு நாள் பசியோடு வந்த ஒருவருக்கு அன்னம் இடுமாறு இளையாழ்வார் சொல்ல, இல்லை என்று விடை வந்தது. உள்ளே சென்று பார்த்தபோது அன்னம் இருந்தது. மற்றொரு நாள் ஆசாரியரான பெரிய நம்பிகளின் தேவியாரோடு கிணற்றடியில் குடத்து நீர் பற்றிப் பூசல் விளைந்து, நம்பிகள் சொல்லாமலே திருவரங்கத்துக்குப் புறப்பட்டுவிட்டார். இம்மூன்று நிகழ்ச்சிகளுக்குப் பிறகே அவர் இல்லறம் துறந்து பேரருளாளன் திருமுன்பே துரியாச்ரமம் ஏற்றார் என்று பெரியோர் கூறுவர். மூன்றும் சோறும் நீரும் பற்றியவை என்பதை நாம் கருத்திற் கொள்ளவேண்டும். தஞ்சமாம்பாளைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. அக்காலத்து ஆசாரம் எதனைக் கற்பித்ததோ அதனையே அவர் செய்தார். அவ்வாசாரத்தினும் உயர்ந்த ஒன்றை இளையாழ்வார் நாடியதாலேயே பிரிவு நேர்ந்தது.

திருவரங்கத்தில் எதிராசராய் எழுந்தருளியிருந்த காலத்தில் மாதுகரமாக வீடுகளில் பிக்ஷை ஏற்பது அவர் நியமம். கோயில் நிர்வாகத்தில் அவர் செய்த திருத்தங்கள் சிலருக்குப் பொறுக்கவில்லை. ஒரு வீட்டில் பிக்ஷையில் நஞ்சு கலக்கப்பட்டது. கணவன் சொல்லைத் தட்டமுடியாத அம்மனைவியார், அன்னத்தை இட்டுவிட்டுக் கண்ணீரோடு அவர் திருவடியில் விழுந்தார். என்றும் இல்லாத அவ்வணக்கத்தால் உண்மையை உணர்ந்த எதிராசர், அவ்வன்னத்தை விலக்கி உபவாசம் மேற்கொண்டார்.

செய்தி கேட்டுத் திருக்கோட்டியூர் நம்பிகள் விரைந்து வந்தார். அவரை எதிர்கொள்ளக் காவிரிக் கரைக்குச் சென்ற எதிராசர், உச்சி வேளையின் சுடுமணலில் தண்டம் ஸமர்ப்பித்துக் கிடந்தார். நம்பிகள் எழுந்திருக்கச் சொல்லவில்லை. உடனிருந்த சீடர்களுள் கிடாம்பி ஆச்சான் அதனைப் பொறுக்கமாட்டாமல், இது என்ன முறை என்று நம்பிகளையே வினவி, உடையவரை மணலினின்றும் வாரி எடுத்தார். இப்படி ஒருவரைத் தேடியே தாம் வாளாவிருந்ததாக நம்பிகள் அருளி, அன்றுமுதல் உடையவருக்குத் தளிகை செய்யும் கைங்கர்யத்தை ஆச்சானிடமே ஒப்புவித்தார். மடைப்பள்ளிக்கு ஆள் தேடிய நம்பிகள் கைப்பக்குவத்தைச் சோதித்ததாக வரலாறு இல்லை. பிறர் மேனி சுடுவதைப் பொறுக்காத நெஞ்சு இருக்கிறதா என்பதையே சோதித்தார்.

இனி அஷ்டஸஹஸ்ரத்துக்கு வருவோம். திருமலைக்கு யாத்திரை புறப்பட்ட உடையவர், சீடர் குழாத்தோடு கால்நடையாக வடக்கு நோக்கி எழுந்தருளினார். வழியில் முதலாழ்வார்கள் மூவரும் ஓர் இடைகழியில் நெருக்குண்டு கூடிய திருக்கோவலூரில் தங்கி, பின்னர் இவ்வூரை அணுகினார் என்பர். அவருக்கு அவ்வூரில் சீடர் இருவர் இருந்தனர். யஜ்ஞேசர் பெருஞ்செல்வர். பருத்திக்கொல்லை வரதாசார்யர் நாள்தோறும் உஞ்சவிருத்தி செய்து வாழும் ஏழை. அத்தனை பேருக்கும் உணவிட வல்லவர் யஜ்ஞேசரே ஆதலின், தம் வரவைத் தெரிவிக்குமாறு சீடர் இருவரை உடையவர் முன்னே அனுப்பினார்.

செய்தி கேட்ட யஜ்ஞேசருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. ஆசாரியன் வருகிறார்! உடனே உள்ளே ஓடினார். வீட்டை மெழுகவும், தோரணம் கட்டவும், பண்டங்களைச் சேகரிக்கவும் ஆட்களை ஏவினார். எல்லாம் ஆசாரிய பக்தியால் எழுந்த பரபரப்பே. வெயிலில் நடந்து வந்து வாசலில் நின்ற இருவரும் அவர் நினைவில் இல்லை. கால் அலம்ப நீரும், அமர ஓர் இடமும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. நெடுநேரம் நின்ற அவர்கள் திரும்பிச் சென்று நடந்ததை விண்ணப்பித்தனர். உடையவர் சிறிதும் தயங்காமல் அடிகளை வரதாசார்யர் குடிசை நோக்கித் திருப்பினார்.

அங்கே வரதாசார்யர் இல்லை. உஞ்சவிருத்திக்குச் சென்றிருந்தார். அவர் தேவியார் தம்மிடம் இருந்த ஒரே புடைவையைத் துவைத்து உலர்த்தியிருந்தமையால் வெளியே வர இயலாமல், தாம் உள்ளே இருப்பதை உணர்த்தக் கதவின் பின்னிருந்து கை தட்டினார். நிலைமையை அறிந்த உடையவர் தம் மேலாடையை உள்ளே எறிந்தருளினார். அதனை உடுத்து வந்து அவர் திருவடி தொழுதார். தளிகைக்கோ வீட்டில் ஒரு பிடி அரிசியும் இல்லை. அவ்வூர் வணிகன் ஒருவன் நெடுநாளாக அவர்மீது தகாத எண்ணம் கொண்டு, பொருள் தருவதாக ஆசை காட்டிவந்தான். அன்று அவ்வம்மையார் அவனிடமே சென்று, அவன் விருப்பத்திற்கு இசைவதாகச் சொல்லி, வேண்டும் பண்டங்களைப் பெற்றுவந்து, தளிகை செய்து, ஆசாரியனையும் கோஷ்டியையும் அமுது செய்வித்தார்.

இவ்விடத்தைக் கேட்கும் எவர்க்கும் நெஞ்சு துணுக்குறும். நமக்கும் ஒவ்வொரு முறையும் துணுக்குறுகிறது. ஆசாரிய கைங்கர்யத்தின் ஏற்றத்தைச் சொல்லிப் பெரியோர் இதனை விளக்குவர். அதனை மறுக்க நாம் யார்? ஆயினும் கணக்குப் பார்த்தே காலம் கழித்த நமக்கு வேறொன்றும் தோன்றுகிறது. யஜ்ஞேசர் வாசலில் நின்ற இருவருக்கு ஒரு செம்பு நீர் கொடுத்திருந்தால், வறியவளான ஒரு பெண்மணி அப்படியொரு வாக்கைக் கொடுக்க நேர்ந்திராது. செல்வர் வீட்டு வாசலில் நிகழ்ந்த சிறு மறதிக்கு ஏழை வீட்டில் விலை கொடுக்கப்பட்டது. மறந்தவருக்கு அது தெரியவும் இல்லை.

உஞ்சவிருத்தி முடிந்து வந்த வரதாசார்யர், நடந்ததைக் கேட்டுத் தம் தேவியாரைக் கடிந்திலர். ஆசாரியன் பசி தீர்ந்ததே என்று மகிழ்ந்தார். அனைத்தையும் அறிந்த உடையவர், எஞ்சிய பிரஸாதத்தை எடுத்துக்கொண்டு தம்பதிகள் இருவரையும் வணிகனிடம் சென்று கொடுக்கப் பணித்தார். அதனை உண்ட மாத்திரத்தில் அவன் சிந்தை தெளிந்தது. அவ்வம்மையாரைத் தாய் என்று அழைத்து வணங்கி, தன்னையும் ஆசாரியன் திருவடியில் சேர்க்குமாறு வேண்டினான். உடையவர் அவனையும் சீடனாக ஏற்றருளினார். பகையும் காமமும் கொண்டிருந்த ஒருவனைக் கோஷ்டிக்குள் கொணர்ந்தது ஒரு பிடி பிரஸாதம். தண்டனைக்கு உரியவனுக்கும் ஒரு பங்கு அனுப்பவேண்டும் என்று அந்த ஏழை இல்லத்தில் தோன்றியதை நினைத்து நினைத்து நாம் வியக்கிறோம்.

ஆசாரியன் வராமை கண்டு வருந்திய யஜ்ஞேசர், செய்தி அறிந்து ஓடிவந்து திருவடியில் விழுந்து அழுதார். நடந்து களைத்து வந்த பாகவதர்களைக் கவனியாது விட்டதே குற்றம் என்று உடையவர் எடுத்துரைத்து, பாகவத கைங்கர்யத்தின் ஏற்றத்தைத் தெளிவித்தார். அதனோடு கைவிட்டாரும் இல்லை. திரும்பும் வழியில் அவர் இல்லத்திற்கு எழுந்தருள்வதாக வாக்களித்து அவர் வருத்தத்தை ஆற்றினார்.

அங்கிருந்து காஞ்சி வழியாகத் திருமலையை அடைந்த உடையவர் கண்டது, யஜ்ஞேசர் வாசலில் நிகழ்ந்ததற்கு முற்றும் மாறான காட்சி. அவர் மாமாவும் ஆசாரியரும் வயோதிகருமான திருமலை நம்பிகள், திருவேங்கடமுடையான் பிரஸாதங்களைத் தாமே ஏந்திக்கொண்டு எதிரே வந்து நின்றார். இதற்குத் தேவரீர் வரவேண்டுமோ, ஒரு சிறியவரை அனுப்பலாகாதோ என்று உடையவர் மனம் நொந்து விண்ணப்பிக்க, திருவீதிகள் முழுதும் தேடியும் தம்மினும் சிறியவர் ஒருவரையும் காணவில்லை என்று நம்பிகள் அருளிச்செய்தார்.

இங்கு நம் கதையையும் ஒளியாமல் சொல்லவேண்டும். ஓய்வு பெற்றபின் ஓர் ஊர் ஸந்நிதியில் மாதத் திருவாதிரைக் கோஷ்டியின் பிரஸாத விநியோகப் பொறுப்பை நாம் ஏற்றிருந்தோம். இத்தனை இலை, இத்தனை தொன்னை, இத்தனை படி அரிசி என்று எழுதி வைத்து நடத்துவதில் நமக்கு ஒரு பெருமிதம் இருந்தது. ஒரு பங்குனி மாதத்து நண்பகல். பேருந்தில் இறங்கி வெயிலில் நடந்துவந்த முதிய தம்பதிகள் மண்டப வாசலில் நின்று, சற்று உட்காரலாமா, குடிக்க நீர் கிடைக்குமா என்று நம்மைக் கேட்டனர். வாழையிலைக் கட்டு வந்து சேராததால் நாம் தொலைபேசியில் இரைந்துகொண்டிருந்தோம். பொறுத்திருக்குமாறு கையால் சைகை காட்டிவிட்டு உள்ளே போய்விட்டோம். ஸாற்றுமுறை ஆயிற்று, இலை போடப்பட்டது. யாவரும் அமர்ந்தபின் பார்த்தால் அவர்களைக் காணவில்லை. பேருந்து நேரத்தைக் கேட்டுக்கொண்டு அப்பொழுதே புறப்பட்டுவிட்டதாக வாசலில் பூக்கட்டும் அம்மாள் சொன்னார்.

அன்று பிரஸாதம் குறைவின்றி இருந்தது. ருசியும் நன்று என்று பலர் பாராட்டினர். எழுதி வைத்த கணக்கும் பிசகவில்லை. ஆனால் அத்தம்பதிகள் எந்த ஊரினர், எதன் பொருட்டு வந்தனர் என்பது இன்றுவரை நமக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்கவும் முகவரி இல்லை. சில மாதங்கள் கழித்து எண்ணாயிரத்தில் நரசிம்மன் ஸந்நிதியில் நின்றபோது, யஜ்ஞேசர் சரிதை நினைவில் எழுந்து கண் நீர் மல்கிற்று. பலமுறை படித்திருந்தும், அவரை வேறு யாரோ ஒரு செல்வர் என்றே அதுவரை நாம் எண்ணியிருந்தோம். அவருக்குத் திரும்பும் வழியில் வரும் ஆசாரியன் கிடைத்தார். நமக்கு அப்பேருந்து திரும்பி வரவில்லை.

திருவரங்கத்துக்கு மீண்ட பின்னரும் உடையவரின் வாழ்வு கோஷ்டியோடே கழிந்தது. காவிரியில் நீராடச் செல்கையில் முதலியாண்டான் முதலியோர் கைபற்றியும், நீராடித் திரும்புகையில் பிள்ளை உறங்காவில்லி தாஸர் கைபற்றியும் எழுந்தருள்வார். குலத்தால் வேறுபட்ட அவர் கையைத் தூய்மை பெற்றபின் பற்றுவது முறையோ என்று சிலர் முணுமுணுத்தனர். அச்செல்வத்தையும் அழகையும் துச்சமாக எண்ணிய அடியார் கையே தமக்கு மேலும் தூய்மை என்பது உடையவர் திருவுள்ளம். அவருக்குப் பால் காய்ச்சும் கைங்கர்யம் வடுக நம்பியுடையது. ஒருநாள் நம்பெருமாள் புறப்பாடு கண்டு ஸேவிக்க அழைத்தபோது, உம் பெருமாளை ஸேவிக்க வந்தால் எம் பெருமாளுக்குரிய பால் பொங்கிப் போகுமே என்று அவர் உள்ளேயே இருந்துவிட்டார். ஊற்றிக் கொடுக்கும் பாலைவிட, பருகுபவர்மேல் வைத்த நெஞ்சே அங்கும் பேசியது.

1137-இல் உடையவர் திருநாட்டுக்கு எழுந்தருளினார். எம்பார் மடியில் திருமுடியும் வடுக நம்பி மடியில் திருவடியும் வைத்துச் சாய்ந்தருளினார் என்பர். அதற்கு முன் சீடர்களை அருகழைத்து அவர் அருளிய இறுதி உபதேசங்கள் குருபரம்பரையில் தொகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று நம் பொருளைப் பற்றியது. ஸ்ரீவைஷ்ணவர் வருகின்றார் என்று கேட்டால் எதிர்கொண்டு சென்று அழைத்துவர வேண்டும். அவர் விடைபெறும்போது சிறிது தூரம் உடன் நடந்து அனுப்பவேண்டும். அவ்வாறு செய்யாமை அபசாரம். நூற்றிருபது திருநக்ஷத்திரங்கள் எழுந்தருளியிருந்து, ஸ்ரீபாஷ்யம் அருளிச்செய்த ஒருவர், விடைபெறும் வேளையில் இதனையும் மறவாது சொன்னார். அஷ்டஸஹஸ்ரத்து வாசலில் நின்ற அவ்விரு சீடர்களும் அப்போது அவர் திருவுள்ளத்தில் இருந்தனர் போலும்!

ததியாராதனம் மடைப்பள்ளியில் தொடங்குவதாகவே நாம் நினைக்கிறோம். உடையவர் சரிதையின்படி அது வாசலில் தொடங்கி வாசலிலேயே நிறைவுறுகிறது. நம் கோஷ்டிகளில் இப்போது ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். தளிகைக்கு எத்தனை பேர் இருந்தாலும், ஒருவர் மட்டும் உள்வேலை எதுவும் இன்றி வாசலில் ஒரு குடம் நீரோடு அமர்ந்திருப்பார். வருபவர் யாராயினும் முதலில் நீர், பின்பு இருக்கை, அதன்பின் ஊரும் பேரும். பந்தியில் புதியவர் அருகே பழகியவர் ஒருவர் அமர்வார். புறப்படுபவர் கையில் சிறிது பிரஸாதம் கொடுத்துத் தெருமுனைவரை உடன் செல்வார். பெரும்பாலும் அவ்விடத்தில் அமர்பவர் நாமே. இலைக் கட்டு வந்ததா என்பதை இப்போது வேறொருவர் பார்த்துக்கொள்கிறார்.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் அடியார்கள் விக்கிரவாண்டியில் சற்றே விலகி எண்ணாயிரம் சென்று அழகிய நரசிம்மனை ஸேவிக்கப் பிரார்த்திக்கிறோம். 25 பேருக்கும் 1000 பேருக்கும் உணவு விதித்த அக்கல்வெட்டு ஊரில், பருத்திக்கொல்லை அம்மையார் தட்டிய கையோசை இன்றும் நம் செவிக்குக் கேட்கும்.

எம்பெருமானார் திருவடிகளே சரணம்.